எடை குறைந்த பிறகு ராத்திரிப் பசி தாங்க முடியவில்லை: இது ஹோர்மோனா, நாக்கா?

ஸ்டோர்க்காரன், தலவாக்கலை

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எனக்கு இரவு வேலை. வயது 43, உயரம் 168 சென்டிமீட்டர். போன வருஷம் கிளினிக்கில் நிறுத்தபோது 84 கிலோ, இடுப்பைச் சுற்றி நாடா போட்டால் 101. "சீனி வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறீர்கள்" என்றார் டொக்டர்.

அதற்குப் பிறகு சோற்றைப் பாதியாக்கினேன். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டேன். கோவா (முட்டைக்கோஸ்) சூப், கிறீம் கிராக்கர், பிளேன்டீ, அவ்வளவுதான். எட்டுக் கிலோ இறங்கியது. பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையைக் காட்டி வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

இப்போது பிரச்சினை வேறு. தைப்பொங்கலுக்குப் பிறகு பசி என்றால் அப்படி ஒரு பசி. 84 கிலோவில் இருந்தபோதுகூட எனக்கு இப்படிப் பசித்ததில்லை. ராத்திரியில் கொழுந்து வாட்டுத் தட்டில் கிடக்கும், விசிறி இரைந்துகொண்டிருக்கும், கொழுந்தைக் கிளறிப் பார்ப்பதும் மணம் பிடித்துப் பார்ப்பதும்தான் நம் வேலை. ஒரு மணிவரை ஒன்றும் தெரியாது. இரண்டு மணி ஆகிறதோ இல்லையோ, வயிறு இழுக்க ஆரம்பிக்கும். கூட வேலை செய்கிற தம்பி தன் ரொட்டிப் பொதியை டிரையர் பக்கத்தில் சூட்டுக்கு வைத்திருப்பான். அவன் லன்ச் ஷீட்டைப் பிரிக்கும்போதே தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி வாசமும் கட்டச்சம்பல் காரமும் மூக்கில் ஏறும். அதில் ஒன்றை வாங்கித் தின்று, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கி நக்கிப் பிளேன்டீ குடித்தால் ஒரு மணி நேரம் சொர்க்கம். அப்புறம் நான்கு மணிக்கு முன்னைவிட மோசமாகப் பசிக்கும்.

"வயிற்றில் பூச்சி இருக்கும், மாத்திரை போடுங்கள்" என்கிறாள் மனைவி. "எல்லாம் மனக்கட்டுப்பாடு இல்லாத குறை" என்கிறார் ஸ்டோரில் ஒருவர். யூடியூபில் ஒருவர் பசி ஹோர்மோன் என்று நல்லாத்தான் சொல்லிக்கொண்டு வந்தார், கடைசியில் ஒரு பவுடர் டின்னைத் தூக்கிக் காட்டினார், அதோடு மூடிவிட்டேன். உண்மையிலேயே அப்படி ஒரு ஹோர்மோன் இருக்கிறதா? இருந்தால் சாப்பிடுகிற சாப்பாட்டால் அதை அடக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆனால் எங்கள் பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாமானை வைத்துச் சொல்லுங்கள். ஓட்ஸ், கீன்வா என்று ஆரம்பித்தால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

லயத்துக் குருவி

அண்ணே, எங்கள் அக்காவுக்கும் இதே கதை. கல்யாணத்துக்கு முன் பட்டினி கிடந்து இளைத்தாள், கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வருவதற்குள் பழைய சைஸ். அவளும் பூச்சி மாத்திரை போட்டாள். பூச்சி செத்திருக்கலாம், பசி சாகவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லட்டும், நானும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

கிளினிக் மிஸ், பதுளை

அண்ணே, நான் பதுளைப் பக்கம் ஒரு கிளினிக்கில் தாதி. பிரஷர், சீனி, எடை என்று கொப்பியோடு வருகிறவர்களுடன்தான் என் காலைநேரம் முழுக்கப் போகும். நீங்கள் எழுதியதில் "நான்கு மணிக்கு முன்னைவிட மோசமாகப் பசிக்கும்" என்கிற வரிக்குத்தான் நான் வரப்போகிறேன். அதற்கு முன், மனக்கட்டுப்பாடு பேசுகிற அந்த அண்ணனுக்கு ஒரு செய்தி.

2011-இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. எடை கூடிய 50 பேரைச் சேர்த்து, பத்து வாரம் மிகக் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஒரு வருஷம் கழித்து இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், பசியைக் கிளப்புகிற கிரெலின் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. "போதும்" என்று சொல்கிற லெப்டின், பி.வை.வை, சி.சி.கே எல்லாம் இன்னும் குறைவாகவே இருக்கின்றன. அதற்குள் அவர்களுக்குக் குறைந்த எடையில் ஒரு பங்கு திரும்ப ஏறியும் விட்டது, அப்படியும் பசி ஆறவில்லை. ஆக, எட்டுக் கிலோ இறங்கிய ஒருவருக்கு முன்பைவிடப் பசிப்பது அதிசயமே இல்லை. உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அது நமக்குத் தோதாக இல்லை, அவ்வளவுதான்.

சரி, இந்த ஹோர்மோன்கள் யார் யார்? கிரெலின் இரைப்பையின் மேல்பகுதியில் சுரப்பது, ஜப்பானில் 1999-இல் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். அதற்கு நேரமும் பழகும். நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம் நெருங்கும்போதே ஏறத் தொடங்கிவிடும். வருஷக்கணக்காக இரண்டு மணிக்கு ரொட்டி தின்ற வயிறு, நீங்கள் டயட் என்று முடிவெடுத்த மறுநாளே அதை மறந்துவிடாது. எடை கூடியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல்: வெறும் வயிற்றில் அவர்களின் கிரெலின் மெலிந்தவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் சாப்பிட்ட பிறகு இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது.

லெப்டின் கொழுப்புக் கலங்களில் இருந்து வருவது, 1994-இல் நியூயோர்க்கில் ஃபிரீட்மன் என்பவரின் குழு கண்டுபிடித்தது. உங்கள் ஸ்டோரில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தினமும் ஒஃபிஸுக்கு ரிப்போர்ட் போகுமே, லெப்டின் செய்வது அந்த வேலைதான். குண்டானவர்களுக்கு லெப்டின் போதாது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு அது நிறையவே இருக்கும், மூளைதான் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. லெப்டினை ஊசியாகப் போட்டால் எல்லோரும் இளைத்துவிடுவார்கள் என்று அந்த நாட்களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத அபூர்வமான சிலருக்குத்தான் அது உண்மையில் பலித்தது. ஆனால் எடை இறங்கும்போது லெப்டின் வேகமாக விழும், அந்த வீழ்ச்சி மட்டும் மூளைக்கு நன்றாகவே தெரிகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது.

குடலில் இருந்து வருபவை மற்றவை. புரதமும் கொழுப்பும் மேல் குடலுக்கு வந்தால் சி.சி.கே சுரக்கும். குடலின் கீழ்ப்பகுதியில் இருந்து ஜி.எல்.பி-1, பி.வை.வை இரண்டும் வரும். மூன்றுமே வயிற்றை மெதுவாகக் காலியாக்கி, "போதும்" என்று மூளைக்குச் சொல்பவை.

இப்போது உங்கள் நான்கு மணிப் பசி. அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரே கலோரி அளவில் மூன்று பானம்: ஒன்றில் பெரும்பகுதி மாச்சத்து, ஒன்றில் புரதம், ஒன்றில் கொழுப்பு. குடித்த பிறகு மணிக்கணக்கில் கிரெலினை அளந்தார்கள். மாச்சத்துப் பானம் முதலில் கிரெலினை நன்றாக இறக்கியது, சில மணி நேரத்தில் அது தொடங்கிய இடத்தையும் தாண்டி ஏறிவிட்டது. புரதம் நெடுநேரம் அடக்கி வைத்தது. கொழுப்பு மூன்றிலும் மோசம். தேங்காய்ப்பூ போட்ட கோதுமை மா ரொட்டி, கையில் சீனி, கூடவே பிளேன்டீ. அந்தச் சோதனையைத்தான் நீங்கள் ஒவ்வொரு ராத்திரியும் ஸ்டோரில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

சீனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேக்கரண்டி ஒன்று சுமார் 5 கிராம், 20 கலோரி. கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்று போகிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். அது மட்டுமே 360 கலோரி, ஏறக்குறைய 100 கிராம் கோதுமை மாவுக்குச் சமம். குடிக்கிற சீனி மென்று தின்கிற சாப்பாட்டைப் போல வயிற்றை நிரப்பியதாகவும் காட்டாது. வெறும் பிளேன்டீயில் குற்றமில்லை. தோட்டத்து ஆளைத் தேத்தண்ணியை விடச் சொன்னால் அவர் என்னை விட்டுவிடுவார்.

இனி சாப்பாடு. வேலைக்குப் போகும்முன் ஒன்றும் சாப்பிடாமல் போவதை முதலில் நிறுத்துங்கள். கோவா சூப்பில் புரதம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கிறீம் கிராக்கர் என்பது வேறு உருவத்தில் வந்த கோதுமை மாதான். கிளம்பும்போது கொஞ்சம் சோறு, கெட்டியான பருப்புக் கறி, ஒரு முட்டை, பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி கீரையோ போஞ்சியோ. இரண்டு மணிக்கு என்று ஒரு டப்பாவில் அவித்த கவ்பி (தட்டைப்பயறு) அல்லது கடலை, வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்தது. ரொட்டி இல்லாமல் முடியாது என்றால் ரொட்டியும் இருக்கட்டும், ஆனால் மாவில் பாதி குரக்கன் (கேழ்வரகு), அளவு ஒன்று, கவ்பியைத் தின்ற பிறகு. இந்த முன்பின் வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. மீனையோ இறைச்சியையோ முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிறகு சாப்பிட்டால் ஜி.எல்.பி-1 கூடுகிறது, வயிறு மெதுவாகக் காலியாகிறது, இரத்தத்தில் சீனி ஏறுவதும் குறைகிறது என்று ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். கீரை, பயறு வகைகளின் நார் செரிக்காமல் பெருங்குடல்வரை போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கும். அப்போது உண்டாகிற கொழுப்பமிலங்களும் ஜி.எல்.பி-1, பி.வை.வை சுரக்கத் தூண்டுகின்றன. வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி எல்லாம் வேலியிலும் ஓடைக்கரையிலும் கிடக்கிற ஊரில் நார்ச்சத்தைப் பவுடர் டின்னில் வாங்குவானேன்?

கடைப் பிஸ்கட், பனிஸ், ரோல்ஸ் பற்றி ஒன்று. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் தயாரித்த சாப்பாடு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற சாப்பாடு கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். முதல் வகையில் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டாவது வகையில் பி.வை.வை கூடி, கிரெலின் குறைந்திருந்தது. மாச்சத்து, கொழுப்பு, சீனி, நார் எல்லாம் இரண்டிலும் ஒரே அளவில் வைத்தும் இப்படி.

கடைசியாகத் தூக்கம், ஏனென்றால் உங்களுக்கு இரவு வேலை. சிக்காகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள், 2004-இல் வந்த ஆய்வு. நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 வீதம் குறைவு, கிரெலின் 28 வீதம் கூடுதல். பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே?

பழைய கணக்கப்பிள்ளை, பொகவந்தலாவை

தங்கச்சி படித்த பிள்ளை, நன்றாகச் சொல்கிறது. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது. 1973, 74 பஞ்சத்தில் நான் சிறுவன். மரவள்ளிக்கிழங்கு கிடைத்தால் விருந்து, பாணுக்கு விடியுமுன் கியூ. அதற்குப் பிறகும் வருஷக்கணக்காகத் தோட்டத்தில் ரொட்டியும் சம்பலும் சீனித் தேத்தண்ணியும்தான். என் தாயார் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறிய மலையில் இன்றைக்கு ஆடு ஏற யோசிக்கும். அந்தப் பெண்களில் யாருக்காவது தொப்பை பார்த்தோமா? அதே ரொட்டி, அதே சீனி. இப்போது ஸ்டோருக்குப் போக ஒரு திரீவீல், கடைக்குப் போக ஒரு திரீவீல். ஹோர்மோன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆள் திரீவீலில் ஏறிக்கொள்கிறார்.

ஸ்டோர்க்காரன், தலவாக்கலை

ஐயா, திரீவீல் வைத்திருக்கிறது என் மச்சான், அவனைப் பகைத்துக்கொள்ள முடியாது!

மிஸ், தூக்கம் கேட்டீர்கள். காலை ஏழரைக்குப் படுத்தால் பதினொன்றுக்கு மேல் தூங்க விடமாட்டார்கள். பக்கத்து வீட்டில் ரேடியோ, வாசலில் மீன்காரன், அப்புறம் கோயில் ஸ்பீக்கர். சாயந்தரம் ஒரு குட்டித் தூக்கம். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம் வரும்.

கவ்பி டப்பா கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.

கிளினிக் மிஸ், பதுளை

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. செங்குத்தான மலையில் ஏறி இறங்கி நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர்களுக்கு அந்த ரொட்டி எரிபொருளாகவே போய்விட்டது, மிச்சம் எங்கே தொப்பையாகச் சேர? வேகமாக நடந்தாலோ மலை ஏறினாலோ கொஞ்ச நேரத்துக்குக் கிரெலினும் இறங்கும். அதனால் திரீவீல் விஷயத்தில் நான் ஐயாவின் கட்சி.

ஆனால் அந்தப் பெண்கள் தொப்பை இல்லாமல் இருந்தார்கள் என்பதால் நன்றாக இருந்தார்கள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளினிக்கில் இரத்தச்சோகை பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பழகிவிட்டது. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுவதற்கும் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் மட்டும் சுமார் 32 வீதம். கருவிலும் சின்ன வயதிலும் போதாமல் வளர்ந்த உடம்பு பிறகு வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பைச் சேர்க்கப் பார்க்கும், சீனி வியாதியும் சீக்கிரம் வரும். நம் போன்ற ஆசியர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பி.எம்.ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு) 23-இலிருந்தே கவனிக்கச் சொல்கிறது, 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம். ஸ்டோர்க்கார அண்ணன் 84 கிலோவில் கிட்டத்தட்ட 30, இப்போது 76 என்றால் சுமார் 27. வெள்ளைக்காரர் அளவில் "கொஞ்சம் குண்டு", நம் அளவில் அப்படிச் சொல்லிவிட்டு விட முடியாது.

பஞ்சத்தைப் பற்றி ஐயா எழுதியதும் இந்த விஷயத்தைச் சேர்ந்ததுதான். லெப்டின் விழுந்தால் மூளை பதறுவது அந்த மாதிரி வருஷங்களில் ஆளைச் சாகாமல் காப்பாற்றத்தான். டயட்டுக்கும் பஞ்சத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பட்டினி கிடந்து மளமளவென்று இறக்குவதைவிட, வயிறு நிறைகிற மாதிரி சாப்பிட்டு இருக்கிற எடையைப் பிடித்து வைப்பது இப்போதைக்கு அண்ணனுக்கு நல்லது.

தூக்கத்துக்கு: ஜன்னலில் கறுப்புத் துணி, காதில் பஞ்சு, மீன்காரனிடம் ஒரு வார்த்தை. கோயில் ஸ்பீக்கருக்கு என்னிடம் மருந்து இல்லை.

ஹப்புத்தளைப் பொடியன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெளிநாட்டில் வாரம் ஒரு ஊசி போட்டு இருபது கிலோ குறைக்கிறார்களே. மிஸ் சொன்ன அதே ஜி.எல்.பி-1 ஊசிதானே?

கிளினிக் மிஸ், பதுளை

தம்பி, அதேதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் குடலில் இருந்து வருகிற ஜி.எல்.பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிஷம்கூட ஒழுங்காக நிற்காது, உடைந்துவிடும். ஊசியில் வருகிற செமாக்ளுடைட் அதே மாதிரி வேலை செய்கிற, ஆனால் ஒரு வாரம் கழிந்தும் பாதியளவு உடம்பில் நிற்கிற மருந்து. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 வீதம் எடை குறைந்தது. 84 கிலோ ஆளுக்கு அது 12, 13 கிலோ. கவ்பியும் கீரையும் இவ்வளவு செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை, சாப்பாட்டால் கூடுகிற ஜி.எல்.பி-1 அந்த ஊசிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதையும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் பார்த்தார்கள். வாந்தி, வயிற்றுப் புரட்டல் சாதாரணம். யாருக்குத் தேவை என்று டொக்டர் முடிவு செய்ய வேண்டிய மருந்து அது. ஃபேஸ்புக்கில் விற்கிறவரிடம் வாங்கிப் போட்டுவிட்டுக் கிளினிக்குக்கு வராதே.

ஸ்டோர்க்காரன், தலவாக்கலை

மிஸ், முடிவைச் சொல்கிறேன். சாயந்தரம் சோறும் முட்டையும் சாப்பிட்டு, கவ்பி டப்பாவோடு போகிறேன். இரண்டு மணிப் பசி வரத்தான் செய்கிறது, ஆனால் கவ்பிக்குப் பிறகு நான்கு மணி ஆட்டம் இல்லை. விடியற்காலையில் ரோலர் ஓட்டும் நேரத்தில்தான் திரும்ப வயிறு ஞாபகத்துக்கு வருகிறது. கையில் சீனி வைப்பதை விட்டாச்சு, கோப்பையில் ஒரு கரண்டி மட்டும் இன்னும் இருக்கிறது, அதைக் கேட்காதீர்கள்.

ஒரு விசித்திரம். "இது டயட் சாப்பாடு" என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் உடனே பசிக்கிறது. அதே கவ்பியை அம்மா திருவிழாச் சுண்டல் மாதிரி தேங்காய் கீறிப் போட்டுத் தந்தால் வயிறு நிறைந்துவிடுகிறது. அம்மாவின் கையா, தேங்காயா? அம்மா கேட்கச் சொன்னது வேறு ஒன்று: பழைய சோறு எடைக்கு நல்லதாமே?

கிளினிக் மிஸ், பதுளை

சுண்டலுக்கு ஒரு சுவையான ஆய்வு இருக்கிறது. 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரே மில்க்‌ஷேக், 380 கலோரி, ஆட்களுக்கு இருமுறை கொடுத்தார்கள். ஒரு முறை "620 கலோரி, ஆடம்பரம்" என்று லேபல், இன்னொரு முறை "140 கலோரி, உடம்புக்கு நல்லது" என்று லேபல். ஆடம்பரம் என்று நம்பிக் குடித்தபோது கிரெலின் சரேலென்று இறங்கியது, டயட் என்று நம்பியபோது அசையவே இல்லை என்று சொல்லலாம். ஆகவே அம்மாவின் கைக்கு ஹோர்மோனும் கட்டுப்படும். தேங்காய்க் கீறு நாலைந்து போடட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

மென்று மெதுவாகச் சாப்பிடுவதற்கும் இதில் பங்கு உண்டு. கிரேக்க நாட்டில் 300 மில்லிலீட்டர் ஐஸ்கிறீமை ஒரு நாள் ஐந்து நிமிஷத்திலும் இன்னொரு நாள் அரை மணி நேரத்திலும் சாப்பிடச் சொல்லி அளந்தார்கள். மெதுவாகச் சாப்பிட்ட நாளில் பி.வை.வை, ஜி.எல்.பி-1 இரண்டும் கூடுதல். அரை மணி நேரம் ஐஸ்கிறீமை வைத்துக்கொண்டு யார்தான் உட்கார்ந்திருப்பார்களோ, அது வேறு விஷயம். உங்கள் வேலையில் அரை மணி கிடைக்காது என்று தெரியும், நின்றுகொண்டு விழுங்காமல் உட்கார்ந்து மென்றால் போதும்.

பழைய சோறு: சோறு ஆறும்போது மாச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகையாக மாறும், நார் மாதிரி பெருங்குடல்வரை போகும். இலங்கையைச் சேர்ந்த ஒரு மாணவரும் அவருடைய ஆசிரியரும் 2015-இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் இதைப் பேசினார்கள்: கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கி, பிரிட்ஜில் 12 மணி நேரம் வைத்தால் அந்த வகை மாச்சத்து கூடுகிறதாம். பத்திரிகைகள் அதை "பாதிக் கலோரிச் சோறு" என்று ஊதிவிட்டன. அது ஆய்வுகூடத்தில் அளந்தது. அம்மாவின் பழைய சோறு நல்லதுதான், மோரும் வெங்காயமும் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அளவு பழைய அளவாக இருக்கக் கூடாது.

லயத்துக் குருவி

அக்காவுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். "ஐஸ்கிறீம் ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்களா?" என்று கேட்கிறாள்.

ஸ்டோர்க்காரன், தலவாக்கலை

ஒரு கேள்வி விட்டுப்போச்சு மிஸ். தினம் முட்டை வாங்க முடியாது, விலை அப்படி. நெத்தலிக் கருவாடு கொஞ்சம் போட்டால் புரதம் வருமா? எனக்குப் பிரஷரும் கொஞ்சம் இருக்கிறது.

கிளினிக் மிஸ், பதுளை

வரும், கருவாட்டில் புரதம் நிறைய. உப்பும் நிறைய. தலையைக் கிள்ளிவிட்டு, சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசுங்கள். கறிக்கு வேறு உப்புப் போடவே கூடாது. ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், அதுவும் வாரத்தில் ஓரிரு நாள். மற்ற நாட்களுக்குப் பருப்பும் கவ்பியும் கடலையும் மாற்றி மாற்றி. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பிரஷரை இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள், இரவு வேலை முடித்து நேராகப் போகாமல் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போங்கள்.